குரங்கணி: மார்ச் மாதத்துப் புல்லும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

தமிழ்நாட்டில் மலையேறுகிற யாரிடமும் குரங்கணி என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு ஒரு நிமிடம் நின்றுவிடும். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு நடந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 9 பேர் மலையிலேயே இறந்தார்கள். அதன் பிறகு பல நாட்கள், மருத்துவமனைகளிலிருந்து ஒவ்வொரு பெயராக வந்துகொண்டே இருந்தது. கடைசியில் எண்ணிக்கை 23.

அந்த வாரம் டீக்கடை முதல் டிவி விவாதம் வரை எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: தீ வைத்தது யார்? மேய்ச்சலுக்காகப் புல்லைக் கொளுத்தினார்களா, தோட்டத்தைச் சுத்தம் செய்யும்போது பரவியதா, யாராவது சிகரெட்டை வீசினார்களா. இது விசாரணைக்கு வேண்டிய கேள்வி, மறுக்கவில்லை. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் பிப்ரவரி, மார்ச்சில் எங்காவது தீ பிடிப்பது ஆண்டுதோறும் நடப்பது. அதை அங்கே இருக்கிற ஆடு மேய்க்கிற பையன்கூடச் சொல்வான். எனக்கு உறுத்துகிற கேள்வி வேறு. அந்த நாளில், அந்த நேரத்தில், அந்தப் புல்லுக்குள் அத்தனை பேர் ஏன் இருந்தார்கள்? மலையில் நடப்பதை உயிராக நினைத்தவர்கள் அவர்கள். நானும் அந்த வகைதான், பதினைந்து ஆண்டுகளாக. அதனால் அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வராது. அவர்கள் இடத்தில் நான் இருந்திருக்கலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இடம்

போடியிலிருந்து மேற்கே போனால் மலையடிவாரத்தில் குரங்கணி. அதற்கு மேல் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஓர் ஊர், உச்சியில் டாப் ஸ்டேஷன். புதிதாக வருகிறவர்கள் ரயில் நிலையம் எங்கே என்று தேடுவார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் மூணாறுத் தேயிலையைக் கம்பிவடத்தில் கட்டிக் கீழே கோட்டகுடிக்கு இறக்கினார்கள். அந்த ரோப்வே நின்ற இடங்களின் பெயர்தான் இவை. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலை கொண்டுவந்த குட்டி ரயில் 1924 வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது. இங்கே பெயர்கள் மட்டும் தங்கிவிட்டன.

கொழுக்குமலை இன்னொரு பக்கம். ஏழாயிரம் அடிக்கு மேலே தேயிலைத் தோட்டம், பழைய தொழிற்சாலை, விடிகாலையில் மேகத்துக்கு மேல் சூரியன். தோட்டம் இருப்பது தமிழ்நாட்டில், ஜீப் பாதை இருப்பது கேரளத்துச் சூரியநெல்லி வழியாக. தமிழ்நாட்டுப் பக்கமிருந்து போவதென்றால் நடைதான்: குரங்கணியில் தொடங்கிக் காடு, பாறை, அப்புறம் நெடுந்தூரம் புல். சனிக்கிழமை ஏறி, இரவு மேலே தங்கி, ஞாயிற்றுக்கிழமை இறங்கி, இரவு பஸ்ஸைப் பிடித்துத் திங்கட்கிழமை வேலைக்குப் போய்விடலாம். இந்தக் கணக்குக்கு இவ்வளவு சரியாகப் பொருந்துகிற மலை தமிழ்நாட்டில் அதிகமில்லை.

அன்றைக்கு வந்தவர்களும் இந்தக் கணக்கில் வந்தவர்கள்தான். சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து இன்னொரு குழு. இரண்டும் சேர்ந்து முப்பத்தைந்துக்கு மேல். சென்னைக் குழுவில் பெரும்பாலும் பெண்கள். மகளிர் தினத்தை ஒட்டிய வார இறுதி அது. "பொம்பளைப் பிள்ளைகளுக்கு மலையில் என்ன வேலை" என்று அப்புறம் சிலர் பேசினார்கள். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

அந்தப் பத்தாண்டில் எங்கள் உலகம் எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். பேஸ்புக், வாட்ஸ்அப் வந்தபின் மலையேற்றக் குழுக்கள் காளான் மாதிரி முளைத்தன. பலவும் லாபமில்லாமல், ஆர்வத்தில் நடத்தப்பட்டவை. வெள்ளிக்கிழமை இரவு கோயம்பேட்டில் முன்பின் தெரியாத இருபது பேர் ஒரே பஸ்ஸில் ஏறுவோம், ஞாயிற்றுக்கிழமை இரவு சொந்தக்காரர்களாகத் திரும்புவோம். இதே ஆட்கள்தான் கடற்கரையில் குப்பை பொறுக்கினார்கள், 2015 வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட் கொண்டுபோனார்கள். உடம்புக்குத் தெம்பு இருந்தது, மனசு இருந்தது, கூகுள் வரைபடத்தில் பாதையும் இருந்தது. இல்லாமல் போனது மலையின் பஞ்சாங்கம். ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவம், அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவம், தையில் பனி, மாசி பங்குனியில் தீ. ஊர்க்காரர்கள் இந்தக் கணக்கில் இருக்க, நாங்கள் வந்ததோ லீவு நாள் கணக்கில்.

புல்

புல்லைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திப் பேசத்தான் வேண்டும், ஏனென்றால் நகரத்து ஆளுக்குக் காட்டுத்தீ என்றால் மரம் எரிவதுதான் கண்ணில் வரும். இந்தக் கிழக்குச் சரிவுகளில் ஆளை வேகமாகத் துரத்துவது மரமில்லை, புல். மழைக்குப் பிறகு தோளுயரம் வளரும், ஜனவரிக்கு மேல் காய்ந்து வைக்கோலாக நிற்கும். இந்த மலைகளின் புல் வகைகளில் எலுமிச்சைப் புல் சாதியும் உண்டு. கசக்கினால் வாசம் வருகிறதே, அந்த எண்ணெய்க்கும் தீப்பிடிக்கும் குணம் இருக்கிறது.

தடியான கட்டை காயவும் நனையவும் நாட்கள் எடுக்கும். புல்லுக்கு ஒரு மணி நேரம் போதும். காலை ஏழு மணிக்குப் பனியில் நனைந்து கணுக்காலை ஈரமாக்கும் அதே புல், பதினொரு மணி வெயிலில் பொரிந்துபோய்விடும். காற்றின் ஈரப்பதம் அடிமட்டத்துக்குப் போவது பகல் இரண்டு மணியை ஒட்டி. அதே வேளையில் சூடான மலைச்சரிவு காற்றைக் கீழிருந்து மேலே இழுக்கும். ஆக, உச்சி வெயிலுக்கும் மாலைக்கும் நடுவே சரிவில் இருக்கிற புல்லுக்குத் தீ பற்ற வேண்டிய எல்லாம் கூடிவந்துவிடும்.

மேட்டில் ஏறும் தீ சமதளத்துத் தீயைப்போல் நடந்துகொள்ளாது. அனல் மேல்நோக்கிச் சாய்வதால் முன்னால் இருக்கும் புல்லை முதலிலேயே வாட்டிக் காயவைத்துவிடும். சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பவர்கள் வைத்திருக்கிற தோராயக் கணக்கு. இருபது டிகிரியில் நான்கு மடங்கு, முப்பதில் எட்டு. முப்பது டிகிரி மேட்டில் மனுசன் ஓட முடியாது, கையூன்றித்தான் ஏறுவான். இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் குரங்கணியில் பாதி புரிந்துவிடும்.

விபத்துக்குப் பிறகு ஒரு பிப்ரவரி மாதம், தேனிப் பக்கமே வேறொரு மலையில், முறையான அனுமதியோடுதான், நாங்கள் ஆறு பேர் போயிருந்தோம். கூட வந்த வழிகாட்டிக்கு ஐம்பது வயதிருக்கும். விடிவதற்கு முன்பே கிளப்பிவிட்டார். பத்தரை மணிக்கு ஒரு பெரிய வெறும்பாறைக்கு வந்ததும் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். "இனி நாலு மணிக்குத்தான் தம்பி." எங்களில் ஒருத்தனுக்கு எரிச்சல். "இப்பவே கிளம்பினா ஒரு மணிக்குக் கீழ போயிடலாமே, அண்ணே?" அவர் பேசவில்லை. பாறை ஓரத்திலிருந்த புல்லில் ஒரு தாளை இரண்டு விரலால் பிடித்து வளைத்தார். படக்கென்று ஒடிந்தது. காலையில் வழியில் அதே வகைப் புல் வளைந்து நிமிர்ந்ததை நாங்கள் பார்த்திருந்தோம், கவனிக்கத்தான் இல்லை. "வளைஞ்சா நடக்கலாம். ஒடிஞ்சா உக்காரணும்." சரி என்று உட்கார்ந்தோம். ஐந்தரை மணி நேரம் சீட்டு விளையாடினோம். அன்று தீ எதுவும் வரவில்லை. அதைச் சொல்லித் திரும்பும் வழியெல்லாம் அந்த நண்பன் கிண்டலடித்தான்.

அன்றைய பிற்பகல்

குரங்கணியில் குழுவினர் இறங்கும் வழியில், ஒத்தமரம் என்று ஊர்க்காரர்கள் சொல்கிற இடத்துப் பக்கம், பிற்பகலில் தீ அவர்களை மறித்தது. புகை, காற்று, அலறல். ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் ஓடினார்கள். சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள். பிழைத்து வந்தவர்களின் பேட்டிகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், இதற்கு மேல் அதை விவரிக்க வேண்டியதில்லை.

பிரிந்து ஓடியது அவர்கள் தவறா? இதே மாதிரிப் புல்வெளிச் சரிவில், வேலையே தீயணைப்பதாக இருந்தவர்களே அப்படித்தான் ஓடினார்கள். அமெரிக்காவின் மொன்டானாவில் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கு, 1949 ஆகஸ்ட் 5. விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்துக் காட்டுத்தீயை அணைக்கிற 15 இளைஞர்கள். ஏற்கெனவே அங்கே தீயோடு போராடிக்கொண்டிருந்த வனக்காவலர் ஒருவரும் சேர்ந்துகொள்ள 16 பேர். தீ அவர்களுக்குக் கீழே போய்ப் புல்லில் ஏறிவிட்டது. தலைவர் வேக்னர் டாட்ஜ் ஓட்டத்தை நிறுத்தி, தன் முன்னால் இருந்த புல்லுக்குத் தானே தீக்குச்சி கிழித்துப் போட்டார். அது எரிந்து முடிந்த கருந்திட்டில் வந்து படுங்கள் என்று கத்தினார். எரிந்த இடத்தில் மறுபடி எரிய ஒன்றுமில்லை என்பது அவர் யோசனை. யாருக்கும் அது புரியவில்லை, பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்து ஓடினார்கள். 13 பேர் இறந்தார்கள். பாறைப் பிளவு வழியாக மேட்டைத் தாண்டிய இருவரும், சாம்பலில் குப்புறப் படுத்த டாட்ஜும் பிழைத்தார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் தீப்பெட்டியோடு காட்டுக்குப் போகாதீர்கள். நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்: மேலே ஓடாதே, பாறையைத் தேடு, இல்லையென்றால் ஏற்கெனவே எரிந்து கறுத்த தரையைத் தேடு. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வேன். மலைக்கென்று நாம் கடையில் வாங்குகிற வழுவழு டிசர்ட், காற்றடைத்த மாதிரி ஜாக்கெட் எல்லாம் பாலியஸ்டர், நைலான். வியர்வைக்கு நல்லது. அனலில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஊர்க்காரர் போட்டிருக்கிற கெட்டிப் பருத்திச் சட்டை இந்த ஒரு விஷயத்தில் மேல்.

இரவு

முதலில் மேலே ஓடியது குரங்கணி ஊர் ஆட்களும் தோட்டத் தொழிலாளர்களும்தான். டோலி கட்டியும் போர்வையில் தூக்கியும் இறக்கினார்கள். வனத்துறை, தீயணைப்பு, காவல் துறை எல்லாம் வந்து சேரச் சேர மார்ச் மாதத்துப் பொழுது ஆறரைக்கு இருட்டிவிட்டது. விமானப்படை ஹெலிகாப்டர்களும் அதன் சிறப்புப் படையான கருட் கமாண்டோக்களும் வரவழைக்கப்பட்டார்கள். ஆனால் அந்தச் சரிவில் இருட்டுக்குப் பிறகு ஹெலிகாப்டரால் பெரிதாக ஒன்றும் ஆகாது. மேலே சிக்கியிருந்தவர்களில் சிலருக்கு மறுநாள் காலைதான் விடிவு வந்தது.

தீக்காயத்தில் நேரம் என்பது என்ன என்று ஒரு டாக்டர் நண்பர் எனக்கு ஒரு முறை காகிதத்தில் போட்டுக் காட்டினார். எடை கிலோவில், எரிந்த பரப்பு சதவீதத்தில், இரண்டையும் பெருக்கி நான்கால் பெருக்கினால், முதல் 24 மணி நேரத்தில் நரம்பு வழியாக ஏற்ற வேண்டிய திரவம் மில்லிலிட்டரில் வரும். 60 கிலோ ஆள், பாதி உடம்பு எரிந்திருக்கிறது: 12 லிட்டர். அதில் பாதி, அதாவது 6 லிட்டர், முதல் 8 மணி நேரத்துக்குள் போயாக வேண்டும். கடிகாரம் ஓடத் தொடங்குவது ஆஸ்பத்திரி வாசலில் இல்லை, தீ பட்ட நிமிடத்தில். பகல் மூன்று மணிக்குக் காயம்பட்டவருக்கு அந்த எட்டு மணி நேரம் இரவு பதினொன்றோடு முடிகிறது. டோலியில் இறக்கி, குரங்கணியிலிருந்து போடி, அங்கிருந்து தேனி, அங்கிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. வழியில் எத்தனை மணி நேரம் கழியும் என்பதை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். இறந்த 23 பேரில் 14 பேர் மலையிலிருந்து உயிரோடு இறங்கியவர்கள். சீக்கிரம் வந்திருந்தால் யாரெல்லாம் பிழைத்திருப்பார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. மீட்புக்கு ஹெலிகாப்டர் உண்டு என்று நம்பி ஒரு வழித்தடத்தைத் திட்டமிடக் கூடாது என்பதை மட்டும் சொல்ல முடியும்.

செயற்கைக்கோள் பார்த்துக்கொள்ளுமே என்பார்கள். இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் படத்தில் தெரியும் தீப்புள்ளிகளை எஸ்எம்எஸ்ஸாக வனத்துறையினருக்கு அனுப்புகிறது, உண்மைதான். அதற்குப் பயன்படும் முக்கியமான செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் வருவது பகல் ஒன்றரை மணி வாக்கில் ஒரு தடவை, நள்ளிரவுக்குப் பின் ஒன்றரை வாக்கில் ஒரு தடவை. அது கடந்துபோன அரை மணியில் பற்றிக்கொள்கிற தீயை அது அடுத்துப் பார்ப்பது நடுராத்திரியில்.

அனுமதி

கொழுக்குமலைப் பாதைக்கு அவர்களிடம் அனுமதி இல்லை, டாப் ஸ்டேஷன் பாதைக்குத்தான் நுழைவுச் சீட்டு என்று அப்போது அரசுத் தரப்பில் சொன்னார்கள். 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். வனச்சரகர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். வருவாய்த் துறை முதன்மைச் செயலாளர் அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடந்தது. எல்லாம் சரி. ஆனால் அந்தக் காலத்து நடைமுறையை அறிந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அனுமதி என்பது பல இடங்களில் ஒரு சீட்டு, அவ்வளவுதான். எந்த மாதம் வருகிறாய், எத்தனை மணிக்கு எங்கே இருப்பாய், தீ வந்தால் எங்கே ஒதுங்குவாய் என்று என்னை எந்தச் சோதனைச் சாவடியிலும் யாரும் கேட்டதில்லை. நானும் வலியப் போய்ச் சொன்னதில்லை. அவர்களிடம் சரியான சீட்டே இருந்திருந்தாலும் பகல் இரண்டு மணிக்குப் புல் ஒடியத்தான் செய்திருக்கும்.

அதே 2018இல் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தனி விதிகள் வந்தன. அவை நடைமுறைக்கு உருப்படியாக வர ஆறு ஆண்டு ஆனது என்பது என் குறை. இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலான பாதைகள் மூடியே கிடந்தன. ஆர்வம் மூடிக் கிடக்குமா? பாதிப் பேர் கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் போனார்கள், மீதிப் பேர் இரவோடு இரவாகச் சொல்லாமல் ஏறினார்கள். சொல்லாமல் ஏறுகிறவனுக்கு ஏதாவது ஆனால் தேடக்கூட ஆள் வராது.

2024 அக்டோபரில் அரசின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 தடங்கள், இணையத்தில் பதிவு, உள்ளூர்ப் பழங்குடி, கிராமத்து இளைஞர்கள் வழிகாட்டிகளாக. கட்டணம் அதிகம் என்று எங்கள் கூட்டத்தில் முணுமுணுப்பு உண்டு, எனக்கும் கொஞ்சம் உண்டு. குரங்கணியிலிருந்து சாம்பலாறு போகிற தடம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, தீக்காலத்தில் கடையை மூடுவது. பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை ட்ரெக்கிங் கிடையாது. பரீட்சைக்கு முன்னால் கிடைக்கிற கடைசி வார இறுதிகள் எல்லாம் இதில் போய்விடுகின்றன என்று புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

2025இல் மகளிர் தினம் சனிக்கிழமையில் வந்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், இருபத்து மூன்று இருபத்து நாலு வயதிருக்கும், பிப்ரவரி கடைசியில் ஒரு செய்தி போட்டிருந்தார்: "மார்ச் 8, 9 கொழுக்குமலை, யாரெல்லாம் வர்றீங்க?" கூடவே மேகத்துக்கு மேல் சூரியன் இருக்கிற அந்தப் படம். ஒரு மணி நேரம் யாரும் வாயே திறக்கவில்லை. அப்புறம் பாறையில் உட்கார்ந்து சீட்டு விளையாடிய அன்று கிண்டலடித்தவன் பதில் எழுதினான்: "சூரியநெல்லி வழியா ஜீப்புல போய்ப் பார்த்துட்டு, ஜீப்புலயே திரும்பி வந்துடலாம்மா. நடந்து இறங்குறத நவம்பர்ல பேசிக்கலாம்."